எண்பத்திரண்டு நாள் எண்ணெய்

2024ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. அன்றே நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. ஜூன் 6 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டன. கணக்குப் பார்த்தால் 82 நாட்கள். தேர்தல் என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமமுள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்வது நாடெங்கும் உள்ள வழக்கம். வங்கிக் காவலர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. திருவண்ணாமலை மக்களவைத் தொகுதிக்குள் வரும் கீழ்பென்னாத்தூருக்கும் இதே நடைமுறைதான். பங்குனியில் கைமாறும் துப்பாக்கி, சித்திரை வெயிலையும் அக்னி நட்சத்திரத்தையும் கிடங்கின் இருட்டில் கழித்துவிட்டு வைகாசியில் வீடு திரும்புகிறது. பறக்கும் படை பிடித்த பணத்துக்குக் கணக்கு உண்டு, அழித்த சுவர் விளம்பரத்துக்கும் கணக்கு உண்டு. அந்த இரும்பு எந்த எண்ணெயில் கிடந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்கத் தகுந்த கேள்விதான் அது. கைத்துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே பிராண்டுக்குப் போய்விடுகிறது. ஜெர்மன் எண்ணெயா, அமெரிக்க எண்ணெயா, தையல் மெஷின் எண்ணெயே போதுமா என்று. ஒரு துடைப்புக்கும் அடுத்த துடைப்புக்கும் நடுவே எத்தனை நாள் என்று முடிவு செய்துகொண்டால் இந்தச் சண்டையில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும் என்பது என் கட்சி. எண்ணெய்க்கு ஆயுள் உண்டு. அந்த ஆயுளை ஊரின் காற்றும், ஆயுதம் சும்மா கிடக்கும் காலமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. டப்பாவில் அச்சடித்த பெயருக்கு அதில் பங்கு குறைவு.

முதலில் எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை என்று பார்த்துவிடலாம். இந்தியப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பரவலாகக் காணப்படும் 9 மி.மீ. பிஸ்டல், இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படுவது; 1935இல் வந்த பிரௌனிங் ஹை-பவரின் வாரிசு. சுட்டதும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் பாய்ந்து, காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு, அடுத்ததை ஏந்திக்கொண்டு முன்னால் வரும். இரும்பும் இரும்பும் உரசும் இடங்கள் நான்கைந்துதான்: ஸ்லைடு ஓடும் தண்டவாளம், குழல் பூட்டிக்கொள்ளும் பற்கள், குழலின் மேல்முகம், சுத்தியும் விசையும் கவ்விக்கொள்ளும் முனைகள். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வரில் அதுவும் குறைவு. தோட்டா உருளை சுழலும் அச்சு, காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பி, சுத்தியின் மூட்டு, அவ்வளவுதான். ஸ்லைடின் ஓட்டம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மோட்டார் எஞ்சினில் தண்டு நிற்காமல் சுழல்வதால் எண்ணெய் ஆப்புபோல் உள்ளே இழுக்கப்பட்டு இரண்டு உலோகங்களையும் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. வேகமும் எண்ணெயின் கனமும் கூடினால் இந்தப் பிரிவு கூடும், பாரம் கூடினால் குறையும் என்று ஜெர்மானியப் பொறியாளர் ஸ்டிரைபெக் 1902 வாக்கில் அளந்து காட்டினார். துப்பாக்கியில் அந்த ஆப்பு உருவாக நேரமே இல்லை. அங்கே உதவுவது உலோகத்தின் தோலோடு ஒட்டிக்கொண்டு விடாமல் இருக்கும் மெல்லிய படலம் ஒன்றுதான். சட்டியில் தாளிப்பதுபோல ஊற்றிப் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். கிளாக் பிஸ்டலோடு வரும் கையேடு சில சொட்டுகளோடு நிறுத்தச் சொல்கிறது. தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி ஓடும் துளையை உலர்வாகவே விடச் சொல்கிறது.

சுடுகிற துப்பாக்கியைப் பற்றிய கணக்கு அது. நம் ஊர்ப்பக்கம் இருக்கும் துப்பாக்கிகளின் நிலை வேறு. வருடத்துக்கு ஒருமுறை சுடுதளப் பயிற்சியில் சில தோட்டாக்கள் சுட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் தோல் உறையிலும் இரும்புப் பெட்டியிலும் கிடக்கிற கைத்துப்பாக்கிக்கு உராய்வு பெரிய பகையல்ல. ஈரமும் வியர்வையும்தான் பகை. இரும்பும் தண்ணீரும் காற்றும் கூடினால் துரு. நடுவே உப்பு புகுந்தால் துரு ஓட்டமெடுக்கும். கைரேகை பதிந்த இடத்தில் ரேகையின் வடிவத்திலேயே பழுப்பேறுவதை ஆயுதக் கிடங்கில் வேலை செய்யும் ஆர்மரர்கள் பார்த்திருப்பார்கள். குழல்மேல் மின்னும் கருநீலப் பூச்சு பெயிண்ட் அல்ல. அதுவும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான், கட்டுப்படுத்தி வரவழைத்த துரு என்றே சொல்லலாம். நுண்துளைகள் கொண்டது, எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டால் காக்கும், காய்ந்துபோனால் காக்காது. ஆகவே இந்த ஊரில் எண்ணெய்க்குக் காவல்காரன் வேலை முதலில், வழுக்கும் வேலை பிறகு. அமெரிக்கச் சுடுதளத்தில் வாரம் 200 தோட்டா சுடுகிறவருக்கு இந்த வரிசை தலைகீழ். அவருக்கு நல்லதென்று பெயரெடுத்த எண்ணெயை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்து, ஏன் துருப்பிடித்தது என்று வியப்பதில் பொருளில்லை.

இனி நாள் கணக்கு. தமிழில் மசகு என்ற சொல்லுக்குப் பின்னால் மாட்டு வண்டி நிற்கிறது. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சில் பூசிய கரிய பசைதான் மசகு. வண்டி மை என்றும் சொல்வோம். கார்த்திகை தீபத்துக்கு அண்ணாமலை உச்சியில் நெய் எரிந்து கொப்பரையில் படிந்த மையை ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி நெற்றிக்கு இட்டுக்கொள்கிற இதே வட்டாரத்தில், அச்சுக்கும் மைதான். (வைக்கோலைக் கருக்குவதில் பக்குவம் உண்டு. சாம்பலாகும்வரை எரித்துவிட்டால் வைக்கோலில் இருக்கும் மணல்சத்து மட்டும் மிஞ்சும். அது அச்சை அரத்தால் ராவுவதுபோல் ராவிவிடும். கரியோடு நிறுத்த வேண்டும்.) இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மையை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியோடேயே தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள் என்பது. சக்கரம் கத்த ஆரம்பித்ததும் நிறுத்திப் பூசுவார்கள். விளக்கெண்ணெயும் கரியும் நிரந்தரத் தீர்வு என்று யாரும் எண்ணவில்லை. பழையது வெளியேறப் புதியது உள்ளே போய்க்கொண்டே இருக்கும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் கெட்டுப்போக எண்ணெய்க்கு அவகாசமே கிடைக்காது.

விளக்கெண்ணெயின் பெருமையை உலகம் அறிந்ததும் இதே வழியில்தான். முதல் உலகப்போரின் நோம், லெ ரோன் விமான எஞ்சின்களில் உருளைகளே சுழலும். அவற்றுக்குள் பெட்ரோலும் கலந்து ஓடுவதால், பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் வேண்டியிருந்தது. ஆமணக்கு எண்ணெய் பொருந்தியது. அதன் அமிலத்தில் உள்ள ஹைட்ராக்சில் என்ற சிறு கொக்கி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், கனமும் அதிகம். ஆனால் அந்த எஞ்சின்களில் எண்ணெய் திரும்பி வருவதில்லை. ஒருமுறை உள்ளே போனது புகையோடு வெளியே பீச்சியடிக்கும். விமானியின் முகத்தில் விளக்கெண்ணெய்ப் புகை. அதைச் சுவாசித்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டது என்று பேதிக்குக் குடித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. தங்கியிருந்தால் பிசினாகியிருக்கும் எண்ணெய், தங்காததால் வெற்றி பெற்றது. அந்த எஞ்சினை எண்ணெயோடு மூன்று மாதம் கொட்டகையில் போட்டிருந்தால் கதை வேறு. காஸ்ட்ரால் என்ற வணிகப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

தாவர எண்ணெய் ஏன் பிசினாகிறது என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கீழ்பென்னாத்தூர்ச் சமையலறை போதும். திருவண்ணாமலை மாவட்டம் மணிலா என்கிற நிலக்கடலை விளையும் மண். மாதக்கணக்கில் கைபட்ட கடலை எண்ணெய்த் தூக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப்பாருங்கள். வாய்ப்பகுதியில் வழிந்தது ஈரமாக இருக்கும். கொஞ்சம் கீழே வந்தால் விரல் ஒட்டும். அடிப்பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் வார்னிஷ் போல இறுகியிருக்கும் பிசுக்கு, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது; கத்தியால்தான் சுரண்ட வேண்டும். எண்ணெய் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பிடித்து ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. இந்தப் பின்னல் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை அயோடின் எண் ஓரளவு சொல்லும். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170ஐத் தாண்டும். ஆகவே ஓவியர்கள் அதை வண்ணத்தில் கலக்கிறார்கள். கடலை எண்ணெய்க்குச் சுமார் 90, நல்லெண்ணெய்க்கு அதைவிடக் கொஞ்சம் மேல். தேங்காய் எண்ணெய்க்குப் பத்துதான். தூக்கின் வெளிப்புறத்தில் நடப்பது ஸ்லைடின் தண்டவாளத்தில் நடந்தால், பூசிய அன்று வெண்ணெயாக ஓடியது ஆறு மாதத்தில் பசையாகி இழுக்கும். சுத்தியின் மூட்டில் நடந்தால் அடி வலுவிழக்கும். தோட்டாவின் கேப்பு வெடிக்காது.

அப்படியானால் தேங்காய் எண்ணெய் நல்லதுதானே என்று ஒருவர் மடக்கலாம். மடக்குவதில் நியாயம் இருக்கிறது. பின்னிக்கொள்ளும் பிணைப்பு அதில் மிகக் குறைவு, பிசினாவது மெதுவாகத்தான். பாட்டன் காலத்தில் நாட்டுத் துப்பாக்கிக்கு அதைத்தான் தடவினோம், ஒன்றும் ஆகவில்லை என்று அடுத்த வாதமும் வரும். முதல் வாதத்துக்கு மார்கழி பதில் சொல்லும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுத் தலைவாராமல் காத்திருக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. விடியற்காலையில் உறைந்துபோகும் பொருளை, விடியற்காலையில் தேவைப்படக்கூடிய கருவிக்குள் விடுவது புத்திசாலித்தனமல்ல. நாளானால் காறல் வாடையும் வரும். காறல் என்பது எண்ணெய் உடைந்து அமிலம் உண்டானதன் அறிகுறி, அமிலம் இரும்பைத் தின்னும். இரண்டாவது வாதம் இன்னும் சுவையானது; அதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

முன்வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் எரிவது கரிமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம். நவீன தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்து பெரும்பாலும் வாயுவாகிப் போய்விடும். கரிமருந்திலோ எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாகக் குழலுக்குள்ளேயே தங்குகிறது. பொட்டாசியம் உப்புகள் அவை. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இந்தக் கசடோடு மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய் கலந்தால் தார் போல இறுகும். கொழுப்பும் தாவர எண்ணெயும் கலந்தால் இளகியே இருக்கும். ஆகவே பாட்டன் தேங்காய் எண்ணெயைத் தடவியது அறியாமை அல்ல. அவருடைய மருந்துக்கும், தளர்வாகப் பொருத்திய அவருடைய பாகங்களுக்கும், பன்றி விரட்ட அடிக்கடி எடுத்துச் சுட்டுக் கழுவிய அவருடைய வழக்கத்துக்கும் அது சரியான எண்ணெய். தவறு, அந்தச் சரியான விடையை வேறொரு கணக்குக்கு எழுதுவதில் இருக்கிறது. நூலிடை இடைவெளியில் பாகங்கள் ஓடும் பிஸ்டலுக்கு, புகையில்லா மருந்துக்கு, பதினோரு மாதம் சும்மா கிடக்கும் பெட்டிக்கு அதே எண்ணெயைப் போடுவது, வண்டி மையைக் கைக்கடிகாரத்துக்குப் போடுவது போல.

குழலுக்குள் உப்பு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எண்ணெயே எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நினைப்பை அது உடைக்கும். பழைய .303 ரைபிள் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்பின் தம்பி. உப்பு எண்ணெயில் கரையாது. எத்தனை முறை எண்ணெய்த் துணியால் இழுத்தாலும் உப்பு அடியிலும் எண்ணெய் மேலுமாகத் தங்கி, மழைக்காலத்தில் உள்ளிருந்தே துரு கிளம்பும். ஆகவே பிரிட்டிஷ் ராணுவத்தில் குழலுக்குள் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் முதலில், உலர்த்துவது அடுத்து, எண்ணெய் கடைசியில். இரும்பைக் காக்கத் தண்ணீர் ஊற்றுவது என்பது கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கிறது. உப்பு எதில் கரையும் என்று தெரிந்தவனுக்கு அதுவே இயல்பு. லீ-என்ஃபீல்டு ரைபிளின் கட்டைக்குள் ஒரு சிறு பித்தளைக் குப்பி ஒளிந்திருக்கும்; எண்ணெய்க் குப்பி. அந்நாளில் துப்பாக்கி எண்ணெய்க்கு ரங்கூன் எண்ணெய் என்றே ஒரு பெயர் உண்டு. பர்மாவின் கிணறுகளில் ஊறிய கச்சா எண்ணெயிலிருந்து வடித்தது. நம் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய அதே பர்மா. 1886இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனி, 1966இல் காஸ்ட்ராலை விலைக்கு வாங்கியது. மண்ணின் எண்ணெய் செடியின் எண்ணெயை விழுங்கிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவை நாவலாசிரியன்கூடக் கற்பனை செய்யமாட்டான்.

மசகைப் பற்றிப் பேசிவிட்டு 1857ஐத் தாண்டிப்போக முடியாது. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டா, வரி வெட்டிய குழலுக்குள் இறங்க வேண்டும்; கரிமருந்தின் கசடை இளக்கவும் வேண்டும். அதற்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசினார்கள். பொறியியலாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத தேர்வு. மேலே சொன்ன கரிமருந்துக் கணக்குக்கு அதுவே விடை. ஆனால் அந்தத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற பேச்சு ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. சிப்பாய்களே தங்களுக்கு உகந்த எண்ணெயையும் மெழுகையும் பூசிக்கொள்ளலாம் என்று அரசு பின்னர் இறங்கிவந்தது. கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றும் மாற்றியது. காலம் கடந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தொட மறுத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தவை பழைய, பூசப்படாத தோட்டாக்கள். மே 10 அன்று கலகம். கலகத்துக்குக் காரணம் கொழுப்பு மட்டும்தானா என்பது வரலாற்று ஆசிரியர்களின் பழைய வழக்கு. நிலவரி, அவத் இணைப்பு என்று பட்டியல் நீளம். என் அக்கறை சிறியது. குழலையும் மருந்தையும் அறிந்து தேர்ந்தெடுத்தவர்கள், பூசப்போகிற கையையும் கடிக்கப்போகிற வாயையும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கு 51 ஆண்டுகள் முன்பே, 1806 ஜூலையில், இதே வடாற்காட்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களின் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்ததன் பலனாகக் கலகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி பார்த்திருந்தது. பாடம் படிக்கப் போதுமான அவகாசம்தான்.

இன்றைய கடைச் சரக்குக்கு வருவோம். நவீன செயற்கை எண்ணெய் இருக்க இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு, துடைக்க, வழுக்க, காக்க மூன்றுக்கும் ஒரே குப்பி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெருமளவு உண்மை. அமெரிக்க ராணுவம் எழுபதுகளின் இறுதியிலிருந்து அப்படியொரு மூன்றுவேலை எண்ணெயைத்தான் நாடியது. நல்ல பொருள்தான். ஆனால் மூன்று வேலைக்கும் ஒரே ஆள் என்றால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கசடைக் கரைக்க மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியது நாற்பது டிகிரி வெயிலில் வழிந்து அடியில் சேரும், மேலே இரும்பு வெறுமையாகும். மாதமொருமுறை திரும்பிவந்து துடைப்பவருக்கு அது குறையே இல்லை. எல்லார் கைக்கும் எட்டும் டபிள்யூ டி 40 இன்னும் நல்ல சான்று. 1953இல் சான் டியாகோவில், அட்லஸ் ஏவுகணையின் உடலில் ஈரம் தங்காமல் விரட்ட, நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை அது. பெயரே அதைத்தான் சொல்கிறது. நனைந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீரை விரட்ட அருமை. அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சும் படலம் ஒரு பருவத்தைத் தாங்காது. நிறைத்த தோட்டாமேல் அடித்தால் கேப்பின் ஓரம் வழியாக ஊறி மருந்தைக் கெடுக்கவும் கூடும். தையல் மெஷின் எண்ணெய் சுத்தமான மெல்லிய கனிம எண்ணெய். பிசினாகாது, ஆனால் துருத்தடுப்புக் கலவை இல்லாத வெறும் எண்ணெய். வாராவாரம் துடைப்பவருக்கு அதைவிட மலிவான நல்ல பொருள் இல்லை. மெக்கானிக் கடையில் வடித்த பழைய ஆயில் மட்டும் எந்த நாள் கணக்குக்கும் ஒத்துவராது. எரிந்த எஞ்சினின் அமிலமும் உலோகத் துகளும் அதில் மிதக்கின்றன.

அப்படியே கிரீஸில் முக்கி வைத்துவிடலாமே என்பது கடைசி வாதம். போர்க்காலங்களில் ஆயுதங்களை ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் பாதுகாத்தார்கள்; மெழுகுபோல் இறுகிய பசையைச் சுரண்டி வெந்நீரில் உருக்கி எடுத்த பிறகே அவை துப்பாக்கியாயின. நீண்ட உறக்கத்துக்கு அதுவே சரி. ஆனால் மறுநாள் தேவைப்படலாம் என்ற ஆயுதத்துக்கு அது தடை. கிரீஸ் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிலா உலர்த்தும் காலத்தில் இந்த வட்டாரத்துக் காற்றில் செம்மண் எப்படிப் பறக்கும் என்பது செஞ்சி ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்தால் சாணைக்கல். ஆகவே கிரீஸ் ஸ்லைடின் தண்டவாளத்தில் ஒரு விரல்நுனி அளவு, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய், வெளியெங்கும் துடைத்தும் துடைக்காத ஒரு மினுக்கம், ஊசித்துளையும் தோட்டாப் பெட்டியும் உலர்வு. வாரம் ஒருமுறை இடுப்பில் ஏறி வியர்வை படும் அதிகாரியின் துப்பாக்கிக்கு மெல்லிய எண்ணெய், ஆனால் வாராவாரம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தீபக் கூட்டத்துக்குக் காவல் நின்று திரும்பியதற்கு அன்றிரவே. வீட்டுப் பெட்டியில் கிடப்பதற்குத் துருத்தடுப்பு சேர்ந்த சற்றுக் கனமான எண்ணெய், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

காவல் நிலையத்துக்குப் போகும் துப்பாக்கி இந்த எந்த வகையிலும் சேராது. அது 82 நாட்கள், உரிமையாளரின் கை படாமல், வேறொருவர் பூட்டுக்குள் கிடக்கும். அந்த நாட்களில் திரும்பிவந்து துடைக்க முடியாது என்று முன்பே தெரிந்துவிடுவதால், அளவைக் கொஞ்சம் கூட்டலாம். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் தோட்டாவை எடுத்துவிட்டு, குழலை உலர்ந்த துணியால் இழுத்து, பழைய எண்ணெயை முழுக்க வழித்துவிட்டு, கனமான எண்ணெயில் ஒரே சீரான படலம் பூச வேண்டும். பூசிய பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. ரேகை உப்பு படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். தோல் உறை வேண்டாம். பதனிட்ட தோலின் உப்பும் அமிலமும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். உறையிலேயே வைத்த துப்பாக்கி உறையின் தையல் தடத்தோடு துருவேறி வருவது அதனால்தான். உறையை வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டு, எண்ணெயில் தோய்த்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தால் போதும். வைகாசியில் வாங்கிவந்ததும் அந்தத் துணியை விரித்துப் பார்க்கலாம்: மஞ்சளாக இருந்தால் எண்ணெய் சரி, பழுப்புக் கோடு இருந்தால் அடுத்த தேர்தலுக்கு இன்னும் கனமானதை வாங்க வேண்டும்.